பசிலிசா வீட்டுக்கும் அரிசி

புவெர்த்தோ கொரோசோ
9 ஜூன் 1998

மைத்துனர் சத்துர்நீனோ குவெஸ்தா அவர்களுக்கு,

நான் பசிலிசா மேனாவை மன்னித்துவிட்டேன் என்று கிப்டோ சந்தையில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. நான் யாரையும் மன்னிக்கவில்லை. மன்னிப்பு எனக்கும் கடவுளுக்கும் இடையில் இன்னும் முடியாமல் இருக்கிற விஷயம். முடிந்தால் முதலில் உங்களுக்குத்தான் தெரிவிப்பேன். நான் அவளுக்குக் கொடுத்தது அரிசி.

வெள்ளம் ஏறிய வாரம், மாதா கோவில் கூடத்தில் நிவாரணக் குழுவின் மூட்டைகளைப் பிரித்தோம். குழுவுக்கு நான் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் முறை எளிது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் முதலில். அவர்களிலும் கைக்குழந்தையோ நோயாளியோ உள்ளவர்கள் இன்னும் முன்னால். யார் மகன் எந்தப் படையில் இருக்கிறான் என்று நாங்கள் கேட்பதில்லை. பசிலிசாவின் வீடு கூரைவரை மூழ்கியிருந்தது. செத்துப்போன மகளின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்து மேடையில் படுத்துக் கிடந்தாள். அதனால் வரிசையின் முன்பகுதியில் நின்றாள்.

அவளுக்குப் பின்னால் மீன்காரி ரொஸ்மீரா. அவள் வாய் உங்களுக்குத் தெரியும்.

"வெக்கமே இல்லையாடி உனக்கு? இந்தம்மா புருஷனைக் கூட்டிட்டுப் போனவனைப் பெத்தவ நீ!"

"வெக்கத்தை வேகவச்சுப் போட்டா பிள்ளைங்க வயிறு நிறையுமா? நிறையும்னா சொல்லு, இப்பவே போயிடறேன்."

"வரிசையில பேச்சு வேண்டாம்" என்றேன். "பையைப் பிடி, பசிலிசா."

"நான் நன்றி சொல்ல மாட்டேன்."

"நானும் கேக்கலை. அடுத்தது யாரு?"

இவ்வளவுதான் நடந்தது. கட்டிப்பிடித்து அழுதோம் என்று சொல்கிறவர்கள் அன்று கூடத்திலேயே இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன் அவள் மகன் வில்மார் நம் வாசலில் நின்று, "பெரியவரே, கமாண்டர் ஒரு வார்த்தை பேசணும்கிறார்" என்று சொல்லி, உங்கள் அண்ணன் தெயோஃபிலோவைத் துப்பாக்கி தூக்கிய காட்டுக்காரர்களிடம் கூட்டிப்போனதை நான் மறந்துவிட்டதாக நினைக்கிறீர்களா? அவர் பாதி குடித்து வைத்த காபிக் கோப்பையைக் கழுவியது நான்.

இப்போது உங்கள் மோட்டாரைத் திருப்பி அனுப்பச் சொல்லி படகோட்டி எலியேசரிடம் சொல்லிவிட்டிருக்கிறீர்கள். படகு என்னுடையது, மோட்டார் உங்களுடையது. மறுக்கவில்லை. ஆனால் மேலாற்றில் லா ப்ளாயிதா மக்கள் இந்தப் படகைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். வெள்ளம் வடியும்வரை மோட்டாரை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எர்மெலிந்தா ரெந்தெரியா, குவெஸ்தாவின் விதவை


கிப்டோ
17 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு,

"அவர்களுக்கு" என்று ஆரம்பித்து "நீங்கள்" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததுமே கோபத்தின் அளவு புரிந்துவிட்டது. முப்பது வருடமாக என்னை "நீ, வா, போ" என்று கூப்பிட்டவர்கள் நீங்கள். சரி, எனக்கும் கோபம்தான்.

என் இரும்புக்கடை எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆற்றிலிருந்து ஏறி வருகிற ஒவ்வொருவனும் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். நேற்று ஒருவன் ஆணி வாங்க வந்தான். ஆணியை எடைபோடும்போதே கேட்கிறான்: "ஏன் சத்துர்நீனோ, உங்க அண்ணன் உசுரு ஒரு பை அரிசிக்குத் தீர்ந்துபோச்சாமே?" என் கையில் தராசு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சிறையிலிருந்து எழுதியிருப்பேன்.

கூடத்துச் சுவரில் நான்கு சொற்களை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அந்தப் பாடத்தை நடத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். எங்கள் மீன் சூப்பைக் குடித்தாள், "ருசியாக இருக்கிறது" என்றாள், விமானம் ஏறிப் போய்விட்டாள். அவளுடைய அண்ணனை யாரும் ஆற்றிலிருந்து எடுக்கவில்லை. என் அண்ணனின் உடலை நான் எடுத்தேன். எடுத்தால் சுடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தும் எடுத்தேன். நடுநிலை என்பது யாரும் சாகாத வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த வார்த்தை.

ஊர் முழுக்கக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வீட்டுக்கு என் மோட்டார் அரிசி சுமந்து வரக்கூடாது. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் எலியேசரிடம் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் வைத்திருக்கிறேன், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் வேறு, தைலம் வேறு.

சத்துர்நீனோ


புவெர்த்தோ கொரோசோ
30 ஜூன்

சத்துர்நீனோ அவர்களுக்கு,

மோட்டார் வந்து சேர்ந்திருக்கும். தைலம் கிடைத்தது.

இப்போது கழியூன்றி, துடுப்புப் போட்டு மேலாற்றுக்குப் போகிறோம். வெள்ளத்துக்கு எதிராக எலியேசரும் இன்னும் மூன்று பேரும் தள்ளுகிறார்கள். காலையில் புறப்பட்டால் மோட்டாரில் மதியத்துக்குள் போய்விடும் இடத்துக்கு இப்போது வழியில் ஒரு இரவு தங்க வேண்டியிருக்கிறது. போன முறை நானும் போனேன். என் வயதில் போகலாமா என்று கேட்க வேண்டாம். கீழ் வளைவில் கீழாற்றுப் படையும், மேல் வளைவில் அவர்களுடைய எதிரிகளான காட்டுக்காரர்களும் துப்பாக்கியோடு நிற்கிற ஆற்றில், வெறும் ஆட்களை அனுப்பிவிட்டு நான் வீட்டில் காபி குடிக்க முடியாது.

கீழ் வளைவில் ஒருவன் மூட்டையைக் காலால் தட்டினான்.

"என்ன கிழவி, இந்த அரிசி காட்டுக்காரன் பானையிலதானே வேகப்போகுது?"

"காலை எடு. அது சாப்பாடு" என்றேன். "அவிழ்த்துப் பார்க்கணும்னா கையால அவிழ். கூட வந்து யார் வாங்கறாங்கன்னும் பார். ஆனா துப்பாக்கியைக் கரையில வச்சுட்டு வா."

"துப்பாக்கி இல்லாம அங்க போனா என் தலை இருக்காது."

"அப்ப எங்களை நம்பு. உங்க அம்மா வீட்டுல வெள்ளம் வந்தாலும் இதே அளவுதான் கொடுப்போம்."

"எங்க அம்மா கடலோரத்துல இருக்கா."

"அங்க வெள்ளம் வந்தா சொல்லியனுப்பு."

சிரித்துவிட்டு விட்டான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நாங்கள் போய்வருகிறோம். இந்தப் படகு யாருக்கும் சொந்தமில்லை என்று இரண்டு வளைவுகளிலும் நம்புகிறவரைதான் அது ஓடும். பசிலிசாவை வரிசையிலிருந்து விலக்கினால், "இது குவெஸ்தா குடும்பத்துப் படகு, பழிவாங்குகிற படகு" என்று மேல் வளைவுக்கு அன்றைக்கே செய்தி போயிருக்கும்.

அந்தச் சொற்களை வெள்ளைக்காரப் பெண் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை அச்சடித்தவர்கள் ஜெனீவாவில் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது தொடங்கிய இடம் வேறு. வட இத்தாலியில் ஒரு பெரிய போர். அருகே இருந்த சிற்றூரின் மாதா கோவிலில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் காயம்பட்டுக் கிடந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் சீருடை நிறத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொடுத்துக் கட்டுப்போட்டார்கள். எல்லோரும் சகோதரர்கள் என்றார்கள். வேறு வேலையாக அங்கே வந்திருந்த சுவிஸ் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்து, தானும் கூட நின்று உதவி, பிறகு எழுதினார். பெண்கள் ஒரே நாளில் செய்ததை ஆண்கள் கூட்டம் கூடிச் சொற்களாக்கி ஒழுங்குபடுத்த நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தப் பெண்களின் கதையைக் கான்வென்டில் மதர் சொல்லக் கேட்டேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அந்த மதர் எங்களைப் போன்ற கறுப்புப் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார விட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை, விடவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துதான் அந்தப் பாடத்தைக் கேட்டேன். அதனால்தான் இன்று ஒரு வரிசை என் பொறுப்பில் இருக்கும்போது ஒருவரையும் பின்னால் தள்ள எனக்குக் கை வரவில்லை.

நம் ஊர் வழக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். தெயோஃபிலோவுக்கு ஒன்பது இரவு ஜெபம் நடந்தபோது, கடைசி நாள் பசிலிசா வந்து பின்னால் நின்று பதில் பாட்டுப் பாடினாள். நீங்கள் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தீர்கள். துக்க வீட்டுக்கு வந்தவரிடம் எந்த வீட்டு ஆள் என்று கேட்பதில்லை, காபி கொடுப்பதுதான் வழக்கம். நான் கொடுத்தேன். பாதி சிந்திவிட்டது. மீதியைக் கொடுத்தேன்.

லா ப்ளாயிதாவில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். துடுப்புப் போட்டு மருந்து போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ தெரியவில்லை. எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் துறைக்குப் போகத் தோன்றுகிறது.

எர்மெலிந்தா


கிப்டோ
12 ஜூலை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களோடு வாதம் செய்து ஜெயித்த ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அண்ணன் உட்பட.

காய்ச்சல் என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. பெரிய மனதோடு ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் பழைய மோட்டார் இருக்கட்டும். எலியேசரிடம் ஒரு புதுசு கொடுத்தனுப்பியிருக்கிறேன். நாற்பது குதிரைசக்தி! உறையே இன்னும் பிரிக்கவில்லை. பதினாறாம் தேதி கார்மென் மாதா திருவிழாவில் எல்லாப் படகுகளையும் ஜோடித்துப் பாதிரியார் மந்திரிப்பாரே, அப்போது இதையும் படகில் மாட்டி மந்திரித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊரே பார்க்கட்டும்.

இங்கே ராணுவ முகாமில் இருக்கிற கேப்டன் என் கடை வாடிக்கையாளர். அவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. பூசையில் அவர் பேரைச் சொல்லி ஒரு நன்றி, அவ்வளவுதான். மேலாற்றுப் பக்கம் எப்படி இருக்கிறது என்று எலியேசர் அவ்வப்போது பேசிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுவார்.

உங்கள் சத்துர்நீனோ


புவெர்த்தோ கொரோசோ
19 ஜூலை

சத்துர்நீனோ அவர்களுக்கு,

மோட்டாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உறை பிரிந்திருக்கிறது. அதற்கு வருந்துகிறேன்.

உங்கள் கடிதம் திருவிழாவுக்கு முன்பே கையில் கிடைத்திருந்தால் அது யாருக்கும் தெரியாமல் திரும்பியிருக்கும். எலியேசர் சந்தோஷத்தில் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டு, நேராகப் படகில் மோட்டாரை மாட்டிவிட்டான். நான் துறைக்கு வந்தபோது படகுக்கு வெள்ளையும் பழுப்புமாகக் காகிதப் பூ, தென்னங்கீற்று, நடுவில் மாதா சிலை. பின்னால் அந்த மோட்டார் வெயிலில் பளபளத்தது. ஜனங்கள் கைதட்டுகிறார்கள். பாதிரியார் உல்பியானோ தண்ணீரைத் தெளிக்கக் கையைத் தூக்கிவிட்டார்.

"ஏது இது?" என்று எலியேசரைக் கேட்டேன்.

"சத்துர்நீனோ அண்ணன் கொடுத்தாரு. கேப்டன் கொடுத்ததாம். நாலு சிப்பாய்ங்க தூக்கிட்டு வந்து கிப்டோ துறையில வச்சாங்க. எல்லாரும் பாத்தாங்க, ஜம்முனு இருந்துச்சு!"

"ஃபாதர், கையை இறக்குங்க" என்றேன்.

"இன்னிக்குமா அம்மா?" என்றார் அவர். "மாதாவுக்கு முன்னாலயா?"

"மாதாவுக்கு முன்னாலதான். எலியேசர், கழற்று."

கைதட்டல் நின்றது. ரொஸ்மீரா வாய் திறந்தாள். "இந்தம்மாவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு. கொலைகாரன் வீட்டுக்கு அரிசி கொடுப்பாங்க, பட்டாளத்துக்காரன் மோட்டார் கொடுத்தா வேண்டாம்பாங்க!" ஒரு ஆள் காகிதப் பூவைப் பிய்த்து என் மேல் எறிந்தான். பெயர் சொல்ல விரும்பவில்லை, அவன் பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவன். எலியேசர் அழுதுகொண்டே திருகாணிகளைக் கழற்றினான். துடுப்புப் போட்டு அவனுக்குத்தான் கை கொப்புளித்திருக்கிறது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுவரில் ஒட்டியிருக்கிற நான்காவது சொல் சுதந்திரம். மற்ற மூன்றும் எனக்கு முன்பே புரிந்திருந்தன. இது மட்டும் கொடி ஏற்றும்போது பேசுகிற வார்த்தை, இங்கே எதற்கு என்று நினைத்திருந்தேன். அன்று துறையில் புரிந்தது. நமக்கு மிகவும் தேவையான ஒன்றை, கொடுக்கக் கூடாத கை கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடிவதுதான் அது. எலியேசர் கேப்டனிடம் "அவ்வப்போது பேசிக்கொண்டிருந்தால்" அவனை எந்த வளைவில் தேடுவோம் என்று யோசித்தீர்களா? ஆற்றிலிருந்து ஒருவரை எடுத்தவர் நீங்கள்.

ஆனாலும் தாமதமாகிவிட்டது. மோட்டார் அரை மணி நேரம் படகில் இருந்ததே போதுமானதாகிவிட்டது. நேற்று மேல் வளைவில் படகைத் திருப்பிவிட்டார்கள். "கேப்டன் படகு இங்க வரக்கூடாது" என்றார்களாம். மூட்டைகள் கூடத்திலேயே கிடக்கின்றன. மருந்தும்.

எர்மெலிந்தா


கிப்டோ
27 ஜூலை

அண்ணிக்கு,

மோட்டாரைத் திரும்பக் கொடுத்தேன். கேப்டன் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "உங்க அண்ணி யார் பக்கம்?" என்று கேட்டார். "யார் பக்கமும் இல்லை சார்" என்றேன். "அப்படி ஒரு பக்கம் இல்லையே" என்றார். கடைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் தினமும் இப்படித்தான் இருக்கிறீர்களா?

எலியேசர் விஷயத்தில் நான் யோசிக்கவில்லை. அவனிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன்.

என் பழைய மோட்டாரைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்கே அனுப்பத் தயார். ஒரே ஒரு வார்த்தை கொடுங்கள். பசிலிசா வீடு மட்டும் வேண்டாம். அவளுக்கு வேறு யாராவது கொடுக்கட்டும், தோளில் சுமந்து கொடுக்கட்டும், எனக்குக் கவலையில்லை. லா ப்ளாயிதா முழுவதற்கும் ஈடாக ஒரு வீடு. இதைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டீர்களா? நான் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்?

சத்துர்நீனோ


புவெர்த்தோ கொரோசோ
6 ஆகஸ்ட்

சத்துர்நீனோ,

நீ கேட்டது பெரிய விஷயம் இல்லை என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். இந்த வாரம் முழுவதும் கூடத்துக்கும் துறைக்கும் நடந்தேன். ஒரு வீடா, ஒரு ஊரா? பாதிரியாரைக் கேட்டேன். "உங்க மனசு என்ன சொல்லுது?" என்கிறார். என் மனது சொல்வதைக் கேட்டிருந்தால் பசிலிசா அன்றே வெறும் பையோடு போயிருப்பாள் என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

நீ சொன்ன நிபந்தனையை எலியேசர் ஊரில் சொல்லிவிட்டான். முந்தாநாள் பசிலிசா கூடத்துக்கு வந்தாள். இந்த முறை பை கொண்டுவரவில்லை.

"என் வீட்டை விட்டுடுங்க. மோட்டார் வரட்டும். அங்க பிள்ளைங்க காய்ச்சல்ல கிடக்குது."

"அதை முடிவு பண்ண நீ யாரு?"

"எனக்கு வேணாம்னு நான் சொல்லக் கூடாதா?"

"உனக்கு வேணாம்னு நீ சொல்லலாம். அந்தச் சின்னதுங்களுக்கு வேணாம்னு சொல்ல உனக்கு உரிமையில்லை. போய் வரிசையில நில்லு."

"வரிசையே இல்லையே அம்மா. நான் ஒருத்திதான் நிக்கறேன்."

"அப்ப நீதான் முதல் ஆள்."

பையில்லாததால் என் முந்திரிப்பழக் கூடையில் போட்டுக் கொடுத்தேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள். "வில்மார் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. உசுரோட இருக்கானான்னும் தெரியாது" என்றாள். நான் கேட்கவில்லை. அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை என்பதையும் உண்மைக்காக எழுதுகிறேன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காபிக் கோப்பை ஞாபகம் வருகிறது. இரக்கம் வந்த நாளில் மட்டும் கொடுப்பது என்றால் நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை. எனக்கு அது வராத நாட்களுக்காகத்தான் விதி இருக்கிறது.

அதனால் உன் நிபந்தனையை ஏற்க முடியாது. இன்று நீ ஒரு வீட்டைச் சொல்கிறாய். உன் துக்கம் நியாயமானது. நாளை கேப்டன் ஒரு வீட்டைச் சொல்வார். மறுநாள் காட்டுக்காரர்கள் ஒரு வீட்டைச் சொல்வார்கள். அவர்களிடமும் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டை விட்டுக்கொடுத்தால் கடைசியில் அரிசி யாருக்குப் போகும்?

தெயோஃபிலோவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டிருக்கிறாய். அவரை எனக்கும் தெரியும். ஆற்றில் கை காட்டியவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டதால் அவர் படகு எப்போதும் நேரத்துக்கு வந்ததில்லை. அதற்காக அவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். நீயும்தான்.

மேல் வளைவுக்கு ஆள் அனுப்பிப் பேசினேன். கேப்டன் மோட்டார் போய்விட்டது என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். படகில் மாட்டுகிற மோட்டார் யாருடையது என்று அதன் சொந்தக்காரனே எழுதித் தந்தால் விடுவார்களாம். கீழ் வளைவிலும் அதே தாளைக் காட்டப் போகிறேன். இரண்டு இடத்திலும் ஒரே தாள். அதனால் நீதான் எழுத வேண்டும். நான் எழுதினால் செல்லாது.

எழுத வேண்டியது இது: மோட்டார் உன்னுடையது. எந்தப் படையும் கொடுத்ததல்ல. எந்த வீட்டையும் விலக்காமல் அது போகும். "எந்த வீட்டையும்" என்பதை விட்டுவிடாதே. அடியில் முழுப் பெயரும் கையெழுத்தும்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன். துடுப்பு இருக்கிறது, மேல் வளைவில் மறுபடி கெஞ்சிப் பார்ப்பேன்.

எலியேசர் வியாழக்கிழமை கிப்டோ துறையில் காத்திருப்பான். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதே. எதுவானாலும் உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அண்ணி
எர்மெலிந்தா